தேறிய பதினோரு பேர்

செயலகத்தின் மூன்றாவது மாடி வராந்தாவில் ஒன்பது நாற்காலிகள் கிடந்தன. அவற்றில் ஆடாமல் நிற்பது எது என்று ஃபைல் அக்காவுக்குத் தெரியும். சுவரோரமாக நான்காவது. இருபத்திரண்டு வருடமாக அதில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள், பட்டா போட்டுக் கொடுத்தாலும் தகும். இன்று அதை நர்ஸுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு கால் குட்டையான ஐந்தாவதில் உட்கார்ந்திருந்தாள். அசையும்போதெல்லாம் அது டக் டக்கென்று புகார் சொன்னது.

நர்ஸ் நிவாரண முகாமிலிருந்து முதல் பஸ் பிடித்து ஐந்து மணி நேரம் வந்திருந்தாள். வெள்ளைச் சீருடையின் முழங்கை வரை புழுதி. மடியில் ஒரு பை, பைக்குள் குழந்தைகளின் எடைப் புத்தகம். யாராவது பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க அக்கா?"

"பத்துக்கு."

"இப்போ பதினொன்னே முக்கால்."

"பத்துக்கு நாம வரணும்னுதான் சொன்னாங்க. அவங்க வருவாங்கன்னு யாரும்மா சொன்னா?"

நர்ஸ் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. மாதம் முடிந்ததும் அவள் வேலை செய்யும் சிகிச்சை மையத்தை மூடிவிட வேண்டும் என்று துறையிலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஃபைல் அக்காவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு நிவாரணம் செய்யும் அமைப்பு ஒன்றில் அரசாங்கங்களிடம் உதவி கேட்கும் பிரிவு அவளுடையது. வெள்ளம், வறட்சி, சண்டை என்று எங்கே எது வந்தாலும் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பால்மாவும் மருந்தும் கூடாரமும் போக வேண்டும். அது போவதற்கு முன்னால் ஒரு கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுகிறவள் அவள். உதவி வந்தபிறகு, இத்தனை பிள்ளைகள் சேர்ந்தன, இத்தனை தேறின என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவளும் அவளே. "கௌரவமான பிச்சை" என்பான் அவள் கணவன். "போய்யா, எந்தப் பிச்சைக்காரன் இத்தனை படிவம் நிரப்பறான்?" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

முன்பெல்லாம் இந்த வராந்தாவில் காத்திருப்பதே ஒரு சுகமாக இருந்தது. அப்போது அமைப்பில் மொத்தமே நான்கு பேர். அச்சகம் ஒன்றின் மாடியில் இரண்டு அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தேநீர்க் குவளை தானாக மேசை விளிம்புக்கு நடந்து வரும். அவள் தட்டச்சு செய்வாள், மீசை அதைச் செயலகத்துக்கு ஜீப்பில் கொண்டு சேர்ப்பான். மீசை என்பது ஓட்டுநர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மீசையை எடுத்துவிட்டான், பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அவன் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள்.

அறிக்கை எழுதுவதில் மீசைக்கு ஒரு கொள்கை இருந்தது. படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் வருடக்கணக்காக ஜீப்பின் முன்சீட்டில் அதிகாரிகளை உட்கார வைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டவன்.

"அறிக்கைங்கறது தேறிட்டு வர்ற நோயாளி மாதிரி இருக்கணும் அக்கா. கட்டில்ல எழுந்து உக்காரணும். ஆனா இறங்கி நடந்துடக் கூடாது. படுத்தே கெடந்தா, இவங்களால ஒண்ணும் ஆகலைன்னு காசை நிறுத்துவான். நடந்துட்டா, அதான் நடக்குதே, இனிமே எதுக்குன்னு நிறுத்துவான்."

அவன் சொன்னதை மந்திரம்போல வைத்துக்கொண்டுதான் ஃபைல் அக்கா இத்தனை காலம் தள்ளினாள். நல்ல செய்தி வந்தால் பக்கத்தில் ஒரு கவலையை நிறுத்துவாள், கெட்ட செய்தி வந்தால் பக்கத்தில் ஒரு நம்பிக்கையை. எதிலும் பொய் இருக்காது. எல்லாம் உண்மைதான், வரிசை மட்டும் அவளுடையது.

"அந்தக் கண்ணாடிக்காரர் இருந்தா இந்த நிலைமை வந்திருக்காது இல்லக்கா?" என்றாள் நர்ஸ்.

"வந்திருக்காது" என்றாள் ஃபைல் அக்கா. அந்த மனிதரை நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ கனிந்தது.

கண்ணாடிக்காரர் இந்தத் துறையின் பழைய அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். வாய் திறந்தால் வசவு. "மறுபடியும் வந்துட்டீங்களா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா? நாட்டுல இருக்கற மத்த துறையெல்லாம் செத்துப் போச்சா?" என்று கத்துவார். கத்தி முடித்தபின் "உக்காருங்க, டீ சொல்றேன்" என்பார். கத்தாத நாளில்தான் இவர்களுக்குப் பயமாக இருக்கும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், முகாமில் பிள்ளைகள் சத்தில்லாமல் வற்றிப்போய்க் கிடந்தார்கள். தார்ப்பாய்க் கூரை, மண் தரை, ஒரே ஒரு நர்ஸ். இதே நர்ஸ், அப்போது படிப்பு முடித்துப் புதிதாக வந்தவள். ஃபைல் அக்கா எழுதிக்கொண்டு போன கடிதத்தை அவர் நின்றபடியே படித்தார். "எழுத்துல எல்லாரும்தான் அழறாங்க. நான் பார்க்கணும்" என்றார். பார்க்கவும் வந்துவிட்டார். மீசை ஓட்டிய ஜீப் இரண்டு இடத்தில் சேற்றில் சிக்கியது. அதிகாரி இறங்கி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளினார். முகாமில் ஒரு குழந்தையைக் கையில் வாங்கினார். எடையே இல்லை. அது அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. பிடித்ததை விடவில்லை. இழுக்கிற அளவுக்கு அதற்குத் தெம்பிருந்ததே என்று நர்ஸ் அழுதுவிட்டாள்.

மறுநாள் அந்த மனிதர் இந்த வராந்தாவிலேயே, இந்த நான்காவது நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மழைக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். "வருவோம் சார்." "வாங்க. திட்டறேன்." அப்படி வந்ததுதான் அந்த இருபது கட்டில் மையம். கட்டில், தராசு, கொசுவலை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் துறையின் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வருடத்துக்கு ஒருமுறை துறைக்குப் பெயர் மாறும், பழைய ஸ்டிக்கர் மேலேயே புதியதை ஒட்டுவார்கள். தொட்டி இப்போது தகரத்தால் நிற்கிறதா ஸ்டிக்கரால் நிற்கிறதா என்று மீசை கேட்பான். அவனும் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கண்ணாடிக்காரர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அச்சகம் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அமைப்பு இப்போது ஏழு மாடிக் கட்டடத்தில், நூற்றுப் பத்துப் பேருடன் இருக்கிறது. குவளை வைத்த இடத்திலேயே நிற்கிறது.

தப்பு நடந்தது இரண்டு மாதத்துக்கு முன்பு. தப்பு என்று இப்போதுதான் சொல்கிறார்கள்.

அறிக்கை அனுப்ப வேண்டிய அன்று காலை நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, வார்டு காலி!" என்று கத்தினாள். ஃபைல் அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, என்னம்மா ஆச்சு?" என்றாள். "பயப்படாதீங்க. எல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு. பதினொன்னும் தேறிடுச்சு அக்கா! ஒரு கட்டில்லகூட ஆள் இல்ல. மெத்தையெல்லாம் வெயில்ல போட்டிருக்கேன்." ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அப்படி இருந்ததில்லை. சேர்ந்த பிள்ளைகளில் இரண்டு மூன்று கையைவிட்டுப் போவது வழக்கம். அதை எழுதும்போது விரல் கூசும்.

அன்று அவள் பக்கத்தில் எந்தக் கவலையையும் நிறுத்தவில்லை. வறண்ட மாதங்களில் கூட்டம் குறையும், மழை வந்தால் நிறையும் என்ற வழக்கமான வரியை எழுதவில்லை. 'பதினோரு குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். பதினொருவரும் தேறினர். கட்டில்கள் காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மூன்று வரியும் அவ்வளவு அழகாக இருந்தன. அவள் அதை இரண்டு முறை படித்தாள், மீசை இருந்தால் காட்டியிருப்பாள்.

பத்தே நாளில் பதில் வந்தது. மனமார்ந்த வாழ்த்துகள். இலக்கு எட்டப்பட்டுவிட்டதால் திட்டம் 'நடப்பு' பட்டியலிலிருந்து 'நிறைவு' பட்டியலுக்கு மாற்றப்படுகிறது.

பன்னிரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

புதிய அதிகாரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று வணங்கினார், நாற்காலியை இழுத்துப் போட்டார், காக்க வைத்ததற்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். மேசையில் ஒரு தாள்கூட இல்லை, ஒரு திரை மட்டும். குறை சொல்ல முடியாத மனிதர். அதுதான் ஃபைல் அக்காவுக்குக் கலக்கமாக இருந்தது. திட்டுகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியும்.

"மேடம், உங்க அறிக்கையை நான் மேல்மட்டக் கூட்டத்துல படிச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா கட்டில் மறுபடி நிறைஞ்சுடும். மழைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

"இப்ப யாரும் இல்லையே மேடம்?"

நர்ஸ் பொறுக்கமாட்டாமல் குறுக்கே விழுந்தாள். "சார், கோடையில குடை காஞ்சுதான் கெடக்கும். அதுக்காகத் தூக்கிப் போட்டுடுவீங்களா? போன மழைக்கு ஒரு கட்டில்ல ரெண்டு புள்ளைங்களைப் போட்டேன். பாருங்க, எடைப் புத்தகம் கொண்டாந்திருக்கேன்."

அவர் புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாக உண்மையாகவே பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி சிஸ்டர். ஆனா இதுல அதைப் போட இடமில்ல" என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பச்சை நிறக் கட்டம் ஒன்றில் 'நிறைவு' என்று இருந்தது. கட்டத்தின் மேல் சுட்டியை வைத்துத் தட்டிக் காட்டினார். அது அசையவில்லை.

"புதுசா விண்ணப்பிச்சா?" என்றாள் ஃபைல் அக்கா.

"தாராளமா. எட்டு மாசம் ஆகும்."

எட்டு மாதம் என்றால் மழை வந்து, போய், மண்ணும் காய்ந்திருக்கும்.

"இன்னொரு வழி இருக்கு மேடம்" என்றார் அதிகாரி. குரல் தணிந்திருந்தது. "சொல்லவே எனக்குச் சங்கடமா இருக்கு. அறிக்கை தப்புன்னு, கையெழுத்துப் போட்டவங்களே எழுதிக் குடுத்தா, அந்த அறிக்கை ரத்து. ரத்தானா திட்டம் தானா நடப்புக்கு வந்துடும். இன்னைக்கே வந்துடும். இங்கேயே என் முன்னாலேயே பண்ணிடலாம்."

"அறிக்கை தப்பு இல்லையே சார்."

"தெரியும் மேடம்."

"தப்புன்னு எழுதிக் குடுத்தா எனக்கு என்ன ஆகும்?"

அவர் பேனாவை மேசையில் நேராக வைத்தார். "தவறான தகவல் குடுத்தவங்க கையெழுத்து அஞ்சு வருஷத்துக்கு எந்த அரசுத் துறையிலயும் செல்லாது. அது விதி. நான் போட்ட விதி இல்ல."

கையெழுத்துத்தான் அவள் வேலை. அது செல்லாவிட்டால் அவளை வைத்துக்கொண்டு அமைப்பு என்ன செய்யும்? ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. கணவன் இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறான். மகள் படிப்பில் கடைசி வருடம். ஃபைல் அக்கா "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து, தன் இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

இயக்குநரும் நல்லவர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே அவள் கண்ணுக்குப் படவில்லை, பட்டிருந்தால் ஒருவரையாவது வாயாரத் திட்டியிருக்கலாம். அவர் முழுவதையும் கேட்டார். பெருமூச்சு விட்டார்.

"முடிவு உங்க கையிலதான். நான் கட்டாயப்படுத்த மாட்டேன். குழந்தைகள்தான் நமக்கு முக்கியம்."

"சரிங்க."

"எழுதறதா இருந்தா ஒண்ணு மட்டும். அது உங்க சொந்தத் தவறுன்னு எழுதிடுங்க. அமைப்புன்னு வந்துட்டா நம்ம மத்த திட்டம் எல்லாம் பாதிக்கும், புரியுதில்ல? ஊர்ப்பட்ட பிள்ளைங்க இருக்காங்க."

"புரியுது."

"இருபத்திரண்டு வருஷம். உங்களை நாங்க மறக்க மாட்டோம்."

அவள் தொலைபேசியை வைத்தாள். வராந்தாவின் கடைசியில் ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசை இருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தாள். 'நடந்துடுச்சே அக்கா, நடக்க விட்டுட்டீங்களே' என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்திருப்பான். பிறகு ஜீப்பை எடுத்து வந்து வாசலில் நிறுத்தியிருப்பான். அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"குடுங்க சார்."

"அக்கா, வேணாம்" என்றாள் நர்ஸ். "நான்தானே ஃபோன் பண்ணிக் குதிச்சேன். என் பேர்ல எழுதிக்கட்டும்."

"உன் பேர்ல எழுதினா நாளைக்கு ஊசி யாரு போடறது? நானா? நான் போட்டா இருக்கற புள்ளையும் ஓடிடும்."

அதிகாரி அச்சிட்ட தாள்களைக் கொண்டு வந்தார். முதல் தாளில் இரண்டே வரி. 'மேற்படி அறிக்கையில் நான் என் சொந்தக் கவனக்குறைவால் தவறான தகவல் அளித்தேன்.' அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். நல்ல கையெழுத்து அவளுக்கு, வட்ட வட்டமாக. கண்ணாடிக்காரர்கூட ஒருமுறை பாராட்டியிருக்கிறார்.

இரண்டாவது தாள் பட்டியல். தேறிய குழந்தைகளின் எண்கள், வரிசையாகப் பதினொன்று. ஒவ்வொரு எண்ணையும் அடித்து, பக்கத்தில் 'தேறவில்லை' என்று எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும்.

"மொத்தமா ஒரு கோடு போட்டா ஆகாதா சார்?"

"தனித்தனியா வேணும் மேடம். ஒவ்வொண்ணும் ஒரு பதிவு." அவர் இழுப்பறையைத் திறந்து ஓர் அடிக்கோல் எடுத்துக் கொடுத்தார். "இதை வச்சுப் போடுங்க, நேரா வரும். எண் மட்டும் அடியில தெரியணும்."

ஃபைல் அக்கா முதல் எண்ணுக்குக் குறுக்கே கோலை வைத்தாள். நர்ஸ் தலையை நீட்டிப் பார்த்தாள். எண்களை எல்லாம் அவள் பார்த்த உடனே பிள்ளையாக மாற்றிவிடுவாள்.

"இது பொத்தான். என் சட்டைப் பொத்தானைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான்."

கோடு விழுந்தது. தேறவில்லை. சுருக்கொப்பம்.

"இது பெரிய மனுசன். பால் குடுத்தா முதல்ல மோந்து பார்ப்பான்."

கோடு.

"இது சண்டைக்காரி."

கோடு. நான்கு, ஐந்து, ஆறு என்று போயிற்று. அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏழாவதில் பேனா மக்கர் பண்ணியது, அவர் திரும்பி வந்து தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்றாவது எண் வந்தது. ஃபைல் அக்கா கோலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"கடைசியா தேறினது. எந்திரிச்சு நிக்கவே மாட்டான்னு எல்லாரும் சொன்ன புள்ளை. நேத்து நான் முதல் பஸ் எப்போன்னு கேக்க மெயின் ரோட்டுக்குப் போனேன் அக்கா. வாளியைத் தலையில கவுத்துக்கிட்டு எனக்கு முன்னால ஓடறான். கூப்பிடக் கூப்பிட நிக்காம ஓடறான்."

ஃபைல் அக்கா கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எண் அடியில் தெரியும்படி மெல்லியதாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தன் வட்டமான எழுத்தில் 'தேறவில்லை' என்று எழுதினாள்.